லண்டன் ஷவருக்கு எந்தக் கேபிள்?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மூட்டுவாதம். மாரி தொடங்கினால் காலையில் குளிக்கவே பயப்படுகிறார். லண்டனில் இருக்கும் அண்ணன், அங்கே பாவிக்கும் மாதிரியே ஒரு மின்சார ஷவர் வாங்கித் தெரிந்தவர் மூலம் அனுப்பியிருக்கிறார். பெட்டியில் 9.5 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீடு 78 சூறாவளிக்குப் பிறகு அப்பா கட்டியது. குளியலறை பின்பக்கம் தனியாக இருக்கிறது. மெயின் சுவிட்சிலிருந்து கம்பி போகும் வழியை அளந்தால் 22 மீற்றர். மீற்றரில் 30 அம்பியர், ஒரு பேஸ். வழக்கமாக வயரிங் செய்யும் தம்பி 4 எம்எம் கேபிள் போதும் என்கிறார். அண்ணன் 10 எம்எம் இல்லாமல் தொடவே விடாதே என்று போனில் சத்தம் போடுகிறார். ஹாட்வெயார் கடையில் 6 என்கிறார்கள். எதைப் போடுவது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்:

அன்புள்ள சகோதரி,

மூன்று பேரில் அந்த ஷவருக்கான கேபிளைச் சரியாகச் சொன்னவர் உங்கள் அண்ணன்தான். ஆனால் அவர் சொன்ன கேபிளைப் போட்டாலும் அந்த ஷவர் உங்கள் வீட்டில் சரிவராது. அதற்குக் காரணம் கேபிளில் இல்லை. நீங்கள் கேட்காமல், ஆனால் நல்ல வேளையாக எழுதிவிட்ட அந்த "30 அம்பியர்" என்ற சொல்லில் இருக்கிறது. கேபிள் கணக்கை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

ஷவரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 9.5 கிலோவாட் என்பது பெரும்பாலும் 240 வோல்ட்டுக்குச் சொன்ன கணக்கு. பக்கத்தில் சின்ன எழுத்தில் 230 வோல்ட்டுக்கு 8.7 கிலோவாட் என்றும் இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். எனவே அந்த ஷவர் இங்கே இழுப்பது ஏறக்குறைய 38 அம்பியர். சிலர் 9,500 ஐ 230 ஆல் வகுத்து 41 என்பார்கள். அது தவறு. உள்ளே இருப்பது சூடாக்கும் ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். வோல்ட் குறைந்தால் அது இழுக்கும் அம்பியரும் குறையும்.

38 அம்பியர் என்றால் அதற்குக் காவலாக 40 அம்பியர் எம்சிபி, அதாவது சுமை மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச், வேண்டும். அந்த 40 ஐத் தாங்கும் கேபிள் வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது: கருவி இழுப்பதைவிட எம்சிபி பெரியது, எம்சிபியைவிடக் கேபிள் தாங்குவது பெரியது. எம்சிபி ஹீற்றரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது காப்பது கேபிளை. வாய்க்காலின் கரை தாங்கும் அளவுக்கு மேல் துருசைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆள் மாதிரி.

தம்பி ஏன் 4 என்றார் என்று எனக்கு விளங்குகிறது. கேபிள் கம்பனிகள் தரும் அட்டவணையில், 4 சதுர மில்லிமீற்றர் (நீங்கள் எழுதிய 4 எம்எம் இதுதான்) தட்டைக் கேபிளைச் சுவரில் திறந்தபடி கிளிப் அடித்துக் கொண்டுபோனால் 37 அம்பியர் தாங்கும் என்று இருக்கும். 37 க்கும் 38 க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்திருப்பார். அந்த அட்டவணையின் தலையில் "சுற்றுச்சூழல் 30 பாகை" என்று ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. 30 பாகை என்பது வைகாசி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது நமக்கு விடிந்து சற்று நேரத்தில் வந்துவிடுகிற சூடு. பகலில் 35, 36 என்று போகும். ஓட்டுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கணக்கே வேறு.

சாதாரண பிவிசி உறை போட்ட கேபிளுக்கு, 40 பாகையில் அட்டவணை எண்ணை 0.87 ஆல் பெருக்க வேண்டும். 50 பாகையில் 0.71 ஆல். அதோடு நம் வீடுகளில் கேபிளைத் திறந்து கிளிப் அடிப்பதும் இல்லை. பிவிசி பைப்புக்குள் அல்லது கேசிங்குக்குள்தான் போகிறது. பைப்புக்குள் போகும் தனிக் கம்பிகளுக்கு 4 சதுர மில்லிமீற்றர் தாங்குவது 32 அம்பியர், 6 என்றால் 41, 10 என்றால் 57. இப்போது 0.87 ஐப் போட்டுப் பாருங்கள். நாலு 27.8 ஆகிறது, ஆறு 35.7 ஆகிறது, பத்து 49.6 ஆகிறது. 40 அம்பியர் எம்சிபிக்கு மிஞ்சி நிற்பது பத்து மட்டும்தான். அதனால்தான் அண்ணன் சரி என்றேன். கடைக்காரர் சொன்ன ஆறு, வெயில் இல்லாத ஊரில், வேறு கம்பி எதுவும் கூடப் போகாத பைப்பில் மட்டும் தப்பித்துக்கொள்ளும்.

அம்மா மாரியில், அதுவும் காலையில்தானே குளிப்பார், அப்போது ஓட்டுக்குக் கீழே சூடு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேபிள் ஒருமுறை போட்டால் 30 வருடம் கிடக்கும். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, சித்திரை மாதம் மத்தியானம், கடலில் குளித்துவிட்டு வந்த உப்பைக் கழுவ வரிசையில் நிற்பார்கள். வருத்தத்துக்கு வாங்கிய ஹீற்றர் அம்மாவுக்கு மட்டும் என்று இருந்ததை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

சரி, பத்து எம்எம் கேபிளும் 40 அம்பியர் எம்சிபியும் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேபிளுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? உங்கள் மீற்றரிலிருந்து. அது முழு வீட்டுக்கும் சேர்த்துத் தருவது 30 அம்பியர், அதாவது 6.9 கிலோவாட். ஷவர் மட்டுமே 38 கேட்கிறது. லண்டனில் ஒரு சாதாரண வீட்டுக்கு வருகிற இணைப்பே பெரும்பாலும் 60 முதல் 100 அம்பியர் வரை. அண்ணனுக்கு இது நினைவுக்கு வராததில் ஆச்சரியமில்லை. அங்கே யாரும் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 30 அம்பியர் பிரேக்கரில் 38 ஐ இழுத்தால் உடனே விழுந்துவிடும் என்று நினைப்பீர்கள். விழாது. இந்த வகை பிரேக்கர்கள் கொஞ்சம் கூடுதலான சுமைக்கு மிகவும் பொறுமையானவை. தன் அளவில் 1.13 மடங்கு வரை ஒரு மணித்தியாலத்துக்கு விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அவற்றுக்கான விதி. 38 என்பது 30 இன் 1.27 மடங்கு. இரண்டுக்கும் நடுவில். அம்மா எட்டு நிமிடம் குளித்து முடிக்கும்வரை ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். தம்பி "பார்த்தீங்களா அக்கா, சும்மா பயந்தீங்க" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். மீற்றர் முனைகளும், 78 க்குப் பிறகு போட்ட உங்கள் பழைய மெயின் சுவிட்சும் ஒவ்வொரு நாளும் எட்டு எட்டு நிமிடமாக வேகும். ஒரு மாதமோ ஒரு வருடமோ கழித்து யாராவது "என்ன பிளாஸ்டிக் கருகுற மணம்?" என்று கேட்பார்கள்.

இதற்கு அடுத்த யோசனையாக "முப்பேஸ் எடுத்தால் சரிதானே" என்று யாராவது சொல்வார்கள். முப்பேஸ் 30 அம்பியர் என்பது மூன்று கம்பியிலும் ஒவ்வொன்றுக்கும் 30. ஷவர் ஒரு பேஸில் மட்டும் ஓடுவது. அந்த ஒரு பேஸில் அது மறுபடியும் 38 தான் கேட்கும். செலவு செய்து அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். இன்னொரு யோசனை, ஷவரில் உள்ள நடு நிலையில் மட்டும் பாவிப்பது. உண்மைதான், அதில் இரண்டு சுருள்கள் இருக்கும், நடு நிலையில் ஒன்று மட்டுமே வேலை செய்யும். ஆனால் குமிழைத் திருப்பாமல் இருப்போம் என்ற வாக்குறுதியை நம்பிக் கேபிள் போட முடியாது. குளிர்கிற காலையில் யாருடைய கையும் அந்தக் குமிழைத் தேடும். ஒரு சுருளைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விடயம். உங்களுக்கு 9.5 கிலோவாட் தேவையே இல்லை.

ஒரு கிலோவாட், நிமிடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரை 14.3 பாகை சூடேற்றும். இந்த எண் லண்டனிலும் அதேதான், களுவாஞ்சிகுடியிலும் அதேதான். மாறுவது வந்து சேரும் தண்ணீர். தை மாதத்தில் அங்கே குழாயில் வரும் தண்ணீர் 6 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 38 பாகைக்கு, அதாவது உடம்புக்கு இதமான சூட்டுக்குக் கொண்டுவர 32 பாகை ஏற்ற வேண்டும். 9.5 கிலோவாட்டும் முழுதாக வேலை செய்தால் நிமிடத்துக்கு 4.2 லீற்றர் கிடைக்கும். இங்கே மாரியில் தாங்கியில் கிடந்த தண்ணீரை 25 பாகை என்று எடுத்துக்கொள்வோம். 13 பாகைதான் ஏற்ற வேண்டும். வெறும் 3.5 கிலோவாட் ஹீற்றர் ஒன்று நிமிடத்துக்கு 3.85 லீற்றர் தந்துவிடும். 4.5 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 5 லீற்றர், அண்ணன் அங்கே குளிப்பதைவிட அதிகம்!

இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் நம்பமாட்டார். அவருடைய ஷவரின் பலத்தில் பெரும் பகுதி அந்த ஊர்த் தண்ணீரின் குளிரைப் போக்குவதற்கே செலவாகிறது. நமக்கு அந்த வேலையைச் சூரியன் இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது. ஒரு கொசுறுத் தகவல்: மாரியில் விடியப்புறம் கிணற்றிலிருந்து நேரே அள்ளிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதை அம்மாவே சொல்வார். இரவு முழுக்க மேலே தாங்கியில் காற்றுக்குக் கிடந்ததுதான் குளிரும். மோட்டரைக் குளிப்பதற்குச் சற்று முன் ஓடவிட்டால் ஹீற்றருக்கும் வேலை குறையும்.

லண்டன் ஷவருக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த ஊர்க் குழாயின் அழுத்தத்துக்காகச் செய்த சாமான் அது. பொதுவாக 1 பார் அளவு அழுத்தம் எதிர்பார்க்கும். 10 மீற்றர் உயரத்தில் நிற்கும் தண்ணீர்தான் 1 பார். உங்கள் தாங்கி 15 அடி மேடையில் இருக்கிறது, ஷவர் தலை ஆறரை அடியில் இருக்கிறது என்றால், நடுவில் உள்ளது எட்டரை அடி. கால் பார்தான். அழுத்தம் போதாவிட்டால் சுருள் எரிந்துவிடாமல் இருக்க அது தானாகவே கரண்டை எடுக்காது. ஆக பத்து எம்எம் கேபிளுக்குக் காசைக் கொட்டி எல்லாம் பூட்டி முடித்த பிறகு, அம்மாவின் தலையில் குளிர் தண்ணீரே விழுந்திருக்கும்.

எனவே இங்கே கடைகளில் கிடைக்கும் உடனடி ஹீற்றர் ஒன்றை வாங்குங்கள். 3.5 கிலோவாட் என்பது என் தெரிவு. 15.2 அம்பியர் இழுக்கும். காலையில் குசினியில் 2 கிலோவாட் கேத்தல் கொதித்து (8.7 அம்பியர்), தண்ணீர் மோட்டரும் ஓடினால் (ஒரு 4 அம்பியர்), மொத்தம் 28. உங்கள் 30 க்குள் மட்டுமட்டாக அடங்கும். 4.5 கிலோவாட் எடுத்தால் 19.6 அம்பியர். அதே கேத்தலும் மோட்டரும் சேர்ந்தால் 32 ஐத் தாண்டிவிடும். அப்போது அம்மா குளிக்கும்போது கேத்தலைத் தொடாதே என்று வீட்டில் ஒரு சட்டம் போட வேண்டும். சட்டங்கள் ஒரு வாரம் இருக்கும்.

பத்து நிமிடக் குளியலுக்கு 3.5 கிலோவாட் ஹீற்றர் தின்பது 0.6 யூனிட்டுக்கும் குறைவு. பில்லைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை.

(நாலைந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீடு என்றால் நான் 30 லீற்றர் சேமிப்பு ஹீற்றரைச் சொல்லியிருப்பேன். 1.5 கிலோவாட்தான், முக்கால் மணித்தியாலத்தில் ஒரு தாங்கி சூடாகும், பச்சைத் தண்ணீர் கலந்தால் 80 லீற்றர் குளிக்கலாம். உங்கள் நிலைமைக்கு அது வேண்டாம்.)

இப்போது கேபிள். 3.5 கிலோவாட்டுக்கு 20 அம்பியர் எம்சிபி. 2.5 சதுர மில்லிமீற்றர் பைப்புக்குள் 24 தாங்கும், 0.87 ஆல் பெருக்கினால் 20.9. கணக்குக்குப் போதும். ஆனால் அதே பைப்பில் இன்னொரு சுற்றின் கம்பியும் கூடப் போனால் இன்னொரு 0.8 ஆல் பெருக்க வேண்டும், அப்போது 16.7 ஆகித் தோற்றுவிடும். நான் உங்களுக்குச் சொல்வது 4 சதுர மில்லிமீற்றர், தனிப் பைப்பில். கடைசியில் தம்பி சொன்ன நாலுதான்! ஆனால் வேறு ஹீற்றருக்கு. நாளைக்கு 4.5 கிலோவாட் ஹீற்றராக மாற்ற விரும்பினாலும் 25 அம்பியர் எம்சிபியோடு அதே கேபிள் (27.8) ஈடுகொடுக்கும். ஒரே நிபந்தனை, பைப்பை சீலிங்குக்கு மேலே கொண்டுபோகாமல் வெளிச்சுவரில், வெயில் படாத வடக்குப் பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஓட்டுக்குக் கீழே 50 பாகைச் சூட்டில் அதே கேபிள் 22.7 ஆகச் சுருங்கிவிடும். 3.5 க்கு அப்போதும் போதும், 4.5 க்குப் போதாது.

22 மீற்றர் தூரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. 4 சதுர மில்லிமீற்றரில் அவ்வளவு தூரத்துக்கு 3.7 வோல்ட்தான் விழும். 11.5 வோல்ட் வரை விழ அனுமதி உண்டு. தூரம் 50, 60 மீற்றர் என்றிருந்தால்தான் இது பெரிய கதை.

கடையில் இந்தக் கேபிளை 7/0.85 என்பார்கள். 0.85 மில்லிமீற்றர் தடிப்பில் 7 இழைகள் என்று பொருள். 7/0.67 என்றால் 2.5, 7/1.04 என்றால் 6, 7/1.35 என்றால் 10. வீட்டில் ஏற்கெனவே ஓடுவது அனேகமாக 7/029 ஆக இருக்கும், அது அங்குலக் கணக்கு, ஏறக்குறைய 3 சதுர மில்லிமீற்றர். "பழைய கம்பி தடிப்பாத்தானே இருக்கு, அதிலேயே கொழுவலாம்" என்று தம்பி ஆசைப்படக்கூடும். நாற்பது வருடத்துக்கும் மேல் சூட்டில் கிடந்த உறை அது. வளைத்தால் முட்டைக் கோது மாதிரி உதிரும். அதைத் தொடவே வேண்டாம். புதிய கேபிள் டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) ஹீற்றர் சுவிட்ச் வரை ஒரே துண்டாக வர வேண்டும். எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உருளையிலிருந்து வெட்டித் தருவதாக இருந்தால் ஒரு இழையை உரித்து அளந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. 0.85 என்று எழுதிவிட்டு 0.7 உள்ள கம்பியை நானே கையில் பிடித்திருக்கிறேன்.

ஒரே துண்டு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் போய்ப் பார்த்த கருகிய ஹீற்றர் வேலைகளில் கேபிளின் நடுவில் தீ தொடங்கியதை ஒருமுறைகூடக் காணவில்லை. எல்லாம் முனையில், அல்லது முறுக்கி டேப் சுற்றிய மூட்டில். கல்லடிப் பக்கம் ஒரு வீட்டில், கடலுக்கு முந்நூறு மீற்றர் இருக்கும், கேபிள் 6 சதுர மில்லிமீற்றர், எதிலும் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் சுவிட்சின் திருகாணி உப்புக் காற்றில் இளகிச் செம்பு பச்சை பிடித்திருந்தது. அப்படியான ஒரு மூட்டில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 20 அம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் மட்டும் 20 வாட் சூடு பிறக்கும். ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் ஒன்றை சுவிட்ச் பெட்டிக்குள் வைத்து மூடிய மாதிரி. அந்தச் சுவிட்ச் உருகியிருந்தது. கேபிள் பெரிதானால் இந்த வியாதி தீராது. திருகாணியை இறுக்கினால் தீரும். வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், மெயினை நிறுத்திவிட்டு எல்லா முனைகளையும் இறுக்கித் தரச் சொல்லி வயரிங் செய்பவரைக் கூப்பிடுங்கள். களுவாஞ்சிகுடியும் கடற்கரைதானே.

13 அம்பியர் பிளக்கில் கொழுவும் யோசனை வேண்டாம். அதன் எல்லை 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே முடிகிறது. லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் டபிள் போல் சுவிட்ச், சிவப்பு விளக்கு உள்ளது, 32 அல்லது 45 அம்பியர் அளவில், குளியலறைக்கு வெளியே, அம்மாவின் ஈரக் கை எட்டாத இடத்தில்.

அடுத்தது டிரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நம் வீடுகளுக்கு எர்த் என்பது முற்றத்தில் அடித்த இரும்பு அல்லது செம்புக் கோல்தான். மட்டக்களப்பின் கரையோர மணலில் மாரிக்கு அது நன்றாக இருக்கும், ஆடி ஆவணியில் மண் காய்ந்தால் அதன் தடை ஏறிவிடும். 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீற்றரின் சுருள் உடைந்து ஹீற்றரின் உடம்பில் கரண்ட் பாய்ந்தால் அந்தக் கோல் வழியாக ஓடுவது 230 ஐ 50 ஆல் வகுத்தது, 4.6 அம்பியர். 20 அம்பியர் எம்சிபிக்கு அது ஒரு கேத்தலில் பாதி. அசையாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஹீற்றர் வேலை செய்துகொண்டிருக்கும், அதன் உடம்பில் கரண்ட் நிற்கும். 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் என்றால் அந்த நேரத்தில் உடனே விழும்.

உங்கள் வீட்டில் பழையது ஒன்று இருக்கும். அதன் முகத்தில் 30 என்று இருக்கிறதா, 100 அல்லது 500 என்று இருக்கிறதா பாருங்கள். 30 மில்லி அம்பியர் இல்லையென்றால் மாற்றுங்கள். 30 ஆகவே இருந்தாலும், ஹீற்றருக்கு மட்டும் தனியாக ஒன்று வைப்பதையே நான் விரும்புவேன். அதைப் பழைய டிரிப் சுவிட்சுக்குப் பின்னால் தொடராக வைக்காமல் தனியாகப் பிரித்துக் கொடுத்தால், ஹீற்றரில் கோளாறு வந்தாலும் முழு வீடும் இருளாது. இருள் வராவிட்டால் யாரும் டிரிப் சுவிட்சைப் "பைபாஸ்" பண்ணச் சொல்லமாட்டார்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது சுவரில் உள்ள அலங்காரம். ஹீற்றருக்குள்ளேயே ஒரு டிரிப் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார், இருக்கட்டும், அது இதற்குப் பதில் அல்ல. கம்பியோடு 2.5 சதுர மில்லிமீற்றர் பச்சை எர்த் கம்பியும் ஹீற்றர் வரை போக வேண்டும். எர்த் கோலையும் அதோடு சேர்த்துக் கருவி வைத்து அளந்து தரச் சொல்லுங்கள். கேபிளின் உறைத் தடையை 500 வோல்ட் மெகரால் அளந்து 1 மெகா ஓமுக்கு மேல் என்று காட்டச் சொல்லுங்கள். புதுக் கேபிளில் அதைவிடப் பல மடங்கு வரும். அளக்கத் தெரியாதவராக இருந்தால், அனுமதிப் பத்திரம் உள்ள வேறொருவரைத் தேடுங்கள். தம்பி கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள்.

வாவிப் பக்கம் உவர்த் தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் ஹீற்றரை வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உவரும் சுண்ணமும் சுருளில் படிந்து, சில வருடங்களில் அதைத் தின்றுவிடும். சுருளில் ஓட்டை விழுந்ததை முதலில் அறிவிப்பது டிரிப் சுவிட்ச்தான். அடிக்கடி விழுகிறது என்றால் டிரிப் சுவிட்சைத் திட்டாமல் ஹீற்றரைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறதென்றால் இந்தக் கவலை குறைவு.

ஷவரை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள், அண்ணன் அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். கொழும்பில் பெரிய இணைப்பு உள்ள வீடு யாருக்காவது இருந்தாலும் அழுத்தப் பிரச்சினை அங்கேயும் இருக்கலாம், அதனால் அவர்களுக்கு விற்பதென்றாலும் அதைச் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.

ஹீற்றர் வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போதுள்ள ஷவரை முழுதாகத் திறந்து கீழே ஒரு வாளியை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் பிடியுங்கள். லீற்றர்ப் போத்தலால் அளந்து பாருங்கள். 5 லீற்றருக்கு மேல் வந்தால் சாதாரண ஹீற்றர் போதும். 4 லீற்றரும் தேறாவிட்டால் உள்ளே பம்பு வைத்த ஹீற்றரைக் கேட்டு வாங்க வேண்டும், விலை கொஞ்சம் கூட. எத்தனை லீற்றர் வந்தது என்று எழுதுங்கள், எந்த வகை என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.